ஹுர்ரம் சுல்தான்: விலைக்கு வந்த பெண்



அந்தப்புரம் என்றதும் நம் மனக்கண் முன் வருவது என்ன? சினிமாவில் பார்த்ததுதான். பட்டுத் திரை, நறுமணப் புகை, பஞ்சணையில் சாய்ந்திருக்கும் ராணி, மயில் தோகை விசிறும் பணிப்பெண்கள். இன்று நாம் பேசப்போகும் அந்தப்புரத்திலும் பட்டு இருந்தது, நறுமணமும் இருந்தது. அவற்றைவிட அதிகமாக இருந்தது அச்சம். அங்கே வாழ்ந்த ஒரு தாய்க்குத் தன் பிள்ளைகள் உயிரோடு இருப்பார்களா என்ற கேள்வி ஓயாமல் இருந்துகொண்டே இருந்தது. அதை மறந்துவிட்டால் இந்தப் பெண்ணின் கதை நமக்கு விளங்காது.

துருக்கி நாட்டில் இஸ்தான்புல் நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள் உதுமானிய சுல்தான்கள். அவர்களுள் புகழ் பெற்றவர் முதலாம் சுலைமான். 1520 முதல் 1566 வரை, 46 ஆண்டுகள் அரியணையில் இருந்தவர். ஐரோப்பாவின் பாதியை நடுங்க வைத்த அந்த மன்னரின் மனைவிதான் ஹுர்ரம் சுல்தான்.

அது அவள் பெற்றோர் வைத்த பெயர் அன்று. பெற்றோர் என்ன பெயரிட்டார்கள் என்று உறுதியாகச் சொல்லும் ஏடு எதுவும் இல்லை. இன்று உக்ரேன் நாட்டின் மேற்குப் பகுதியாக உள்ள நிலத்தில் அவள் பிறந்தாள். அக்காலத்தில் அது போலந்து மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஒரு கிறிஸ்துவப் பாதிரியாரின் மகள் என்பது வழிவழியாக வரும் செய்தி. கிரைமியாவிலிருந்து குதிரைப் படைகள் அந்தக் கிராமங்களின்மேல் பாயும். ஆடுமாடுகளோடு மனிதர்களையும் வாரிக்கொண்டு போகும். பிடிபட்டவர்கள் பல நாள் நடந்து, கருங்கடல் ஓரத்தில் காஃபா என்னும் துறைமுகத்தை அடைவார்கள். அங்கே சந்தை. அங்கிருந்து கப்பலில் இஸ்தான்புல். இப்படி வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான பெண்களில் அவளும் ஒருத்தி. அப்போது வயது பதினைந்தோ பதினேழோ இருக்கலாம்.

அரண்மனைக்குள் போனதும் முதல் வேலை, பழைய பெயரைக் களைவது. அவளுக்கு இட்ட புதுப் பெயர் ஹுர்ரம். மகிழ்ச்சி நிறைந்தவள் என்று பொருள். ஊரையும் உறவையும் இழந்து வந்த பெண்ணுக்கு அந்தப் பெயர்! எப்போதும் சிரித்த முகமாக இருந்ததால் அப்படி அழைத்தார்கள் என்பர். அந்தச் சிரிப்பை அவள் எங்கிருந்து கொண்டுவந்தாள் என்று நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. ஐரோப்பியர்கள் அவளை ரொக்ஸலானா என்றார்கள். அதுவும் பெயர் அன்று. இன்ன நாட்டுப் பெண் என்பதுதான் அதன் பொருள்.

இங்கே அந்தப்புரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். துருக்கியர் அதை ஹரம் என்பார்கள். நம் மலாய் அண்டை வீட்டார் அன்றாடம் சொல்லும் ஹராம் என்ற சொல்லும் இதுவும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. பிறர் நுழையக் கூடாத இடம், காக்கப்பட்ட இடம் என்று பொருள். உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் சுல்தானின் காதலிகள் என்று நினைப்பது தவறு. பெரும்பாலோர் அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசியதுகூட இல்லை. துணி வெளுத்தவர்கள், சமையலுக்கு உதவியவர்கள், தைத்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் என்று வேலைக்கு வேலை ஆள் உண்டு. ஒவ்வொருவருக்கும் நாட்கூலி கணக்கெழுதி வெள்ளிக் காசாகக் கொடுக்கப்பட்டது. புதிதாக வந்த பெண்ணுக்குத் துருக்கி மொழி, தொழுகை, தையல், நடைமுறை மரியாதை எல்லாம் கற்றுத் தந்தார்கள். எல்லாருக்கும் மேலே அதிகாரம் செலுத்தியவர் சுல்தானின் தாயார். மாமியாரின் ஆட்சி என்று சொன்னால் நம் வீட்டுப் பெண்களுக்குச் சட்டென்று விளங்கும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஓர் அடிமைப் பெண் சுல்தானுக்கு ஓர் ஆண் மகவைப் பெற்றுத் தந்தால், அதற்குப் பிறகு அவள் சுல்தானிடம் போவதில்லை. மகனை வளர்ப்பதே அவள் வேலை. மகன் வளர்ந்ததும் ஏதாவது ஒரு மாநிலத்துக்கு ஆளுநராகப் போவான். தாயும் கூடவே போவாள். ஒரு தாய்க்கு ஒரு மகன். ஏன் இந்த ஏற்பாடு? ஒவ்வோர் இளவரசனுக்கும் துணையாக ஒரு தாய் இருக்க வேண்டும் என்பதற்காக. இதற்குப் பின்னால் கொடிய காரணமும் உண்டு. இஸ்தான்புல்லை வென்ற இரண்டாம் முகம்மது சுல்தானின் சட்டத் தொகுப்பு, அரியணை ஏறுபவர் நாட்டின் அமைதிக்காகத் தம் சகோதரர்களைக் கொல்லலாம் என்று சொன்னது. மூத்தவனுக்கே பட்டம் என்ற விதியும் அங்கே இல்லை. வென்றவன் ஆள்வான், மற்றவர்கள் சாவார்கள். ஆகவே ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட இரண்டு தாய்மார்களில் ஒருத்தியின் மகன் உயிர் பிழைப்பதென்றால், இன்னொருத்தியின் மகன் இறக்க வேண்டும்.

சுலைமானுக்கு ஏற்கெனவே மாஹிதேவ்ரான் என்ற பெண்ணிடம் முஸ்தபா என்ற மகன் இருந்தான். 1521இல் ஹுர்ரம் தன் முதல் மகன் மெஹ்மதைப் பெற்றாள். வழக்கப்படி அவள் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்து மிஹ்ரிமா என்ற மகள். பிறகு சலீம், பாயசீத், குழந்தையிலேயே இறந்துபோன அப்துல்லா, கடைசியில் முதுகு கூனலோடு பிறந்த ஜிஹாங்கீர். ஒரு தாய்க்கு ஒரு மகன் என்ற விதியைச் சுல்தான் அவளுக்காகத் தூக்கி எறிந்துவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் நகரத்தையே வாய் பிளக்க வைத்தது. சுல்தானின் தாயார் ஹஃப்ஸா 1534இல் காலமானார். ஏறக்குறைய அதே காலத்தில் சுலைமான் ஹுர்ரமை அடிமைத்தளையிலிருந்து விடுவித்து, முறைப்படி திருமணம் செய்துகொண்டார். தலைமுறை தலைமுறையாக உதுமானிய சுல்தான்கள் அடிமைப் பெண்களிடம் பிள்ளை பெற்றார்களே தவிர, அவர்களைத் திருமணம் செய்யவில்லை. ஹசேகி என்ற புதிய பட்டமும், நாள் ஒன்றுக்கு 2,000 வெள்ளிக் காசும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. இதுவரை நாம் அவள் என்று சொல்லி வந்தோம். இனி அவர் என்போம். ஆனால், விலைக்கு வந்தவளை மரியாதையில்லாமலும் அரசியானவரை மரியாதையோடும் அழைக்கும் இந்தப் பழக்கம் நம்மிடமும் இருப்பதை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஊரார் என்ன சொன்னார்கள்? சூனியக்காரி என்றார்கள். மருந்து வைத்து மன்னரை மயக்கிவிட்டாள் என்றார்கள். வெனிஸ் நகரத் தூதர்கள் இந்த வதந்திகளையெல்லாம் சிரத்தையாக எழுதி அனுப்பினார்கள். ஓர் ஆண் ஒரு பெண்ணை இவ்வளவு மதிக்கிறான் என்றால் அதற்கு மருந்துதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எண்ணும் வாய்கள் எல்லா ஊரிலும் உண்டு போலும்.

அவர் எழுதிய கடிதங்கள் நமக்கு வேறு ஒரு காரணத்தைக் காட்டுகின்றன. சுலைமான் ஆண்டில் பாதி நாள் போர்முனையில் இருப்பார். தலைநகரில் என்ன நடக்கிறது என்று அவருக்கு எழுதுபவர் ஹுர்ரம். தொடக்கத்தில் துருக்கி மொழியில் தேர்ச்சி இல்லாததால் வேறொருவரைக் கொண்டு எழுதுவித்தார். பிறகு தாமே எழுதினார். பிரிவுத் துயரம் இருக்கும். பிள்ளைகளின் நலம் இருக்கும். நகரில் கொள்ளைநோய் என்ற செய்தி இருக்கும். அரசியலும் கலந்திருக்கும். அமைச்சர்கள் சொல்வதில் எது உண்மை, எது பொய் என்று மன்னருக்குச் சந்தேகம் வரலாம். மனைவியின் கடிதத்தை அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவருடைய மருந்து என்பது நம் கருத்து.

வெளிநாடுகளுக்கும் எழுதினார். 1548இல் சிகிஸ்மண்ட் ஆகஸ்ட் போலந்து மன்னரானபோது வாழ்த்துக் கடிதம் அனுப்பினார். பின்னொரு கடிதத்தோடு சட்டைகளும் கைக்குட்டைகளும் பரிசாகப் போயின. அவர் பிறந்த கிராமம் அந்த மன்னரின் நாட்டில்தான் இருந்தது. அங்கிருந்து கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்ட பெண், அந்த நாட்டு மன்னருக்குச் சரிசமமாகக் கடிதம் எழுதுகிறார். எழுதும்போது அவர் என்ன நினைத்தாரோ!

இனிச் சொல்லப்போவது கசப்பான பகுதி. முஸ்தபா வளர்ந்து, அறிவும் வீரமும் உள்ள இளவரசராகப் பெயர் எடுத்தார். படைவீரர்களுக்கு அவர்மேல் உயிர். ஹுர்ரமின் மூத்த மகன் மெஹ்மதோ 1543இல் நோயில் இறந்துவிட்டார். மிஹ்ரிமாவை மணந்த ருஸ்தம் பாஷா 1544இல் தலைமை அமைச்சரானார். மாமியாரும் மருமகனும் மகளும் ஒரே பக்கம். முஸ்தபா தந்தையைக் கவிழ்க்கச் சதி செய்கிறார் என்ற பேச்சு மெல்லக் கிளம்பியது. 1553ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பாரசீகத்தின்மேல் படையெடுத்துப் போகும் வழியில், சுலைமான் மகனைத் தம் பாசறைக்கு அழைத்தார். தந்தையைப் பார்க்கக் கூடாரத்துக்குள் நுழைந்த மகனை அங்கே காத்திருந்த ஆட்கள் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். படை கொதித்தது. ருஸ்தம் பதவி இழந்தார். இரண்டே ஆண்டில் மீண்டும் அதே நாற்காலியில் அமர்ந்தார்.

இந்தக் கொலையில் ஹுர்ரமின் கை உண்டா? மக்கள் உண்டு என்றே நம்பினார்கள், அவரைச் சபித்தார்கள். ருஸ்தம் பாஷாவின் பங்கை மறுப்பது கடினம். ஹுர்ரம் தூண்டினார் என்று நிரூபிக்கும் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் ஒன்றை மறைக்க முடியாது. முஸ்தபா அரியணை ஏறியிருந்தால் ஹுர்ரமின் மூன்று மகன்களும் மடிந்திருப்பார்கள். இதை அவர் அறியாமல் இருந்திருக்க முடியாது. அவரை நல்லவர் என்று காட்டவோ கெட்டவர் என்று ஏசவோ நாம் வரவில்லை. ஆனால் கொலைக்கு ஆணையிட்டவர் தந்தை. அப்படிக் கொல்வதற்கு இடம் தந்தது அரச குலத்தின் சட்டம். பழி முழுவதும் போய் விழுந்தது வெளியூர்ப் பெண்ணின் தலையில்.

மகனை இழந்த மாஹிதேவ்ரானின் நிலையையும் சொல்லிவிடுவோம். பூர்சா நகரில் மகனின் கல்லறை அருகே அவர் பல ஆண்டுகள் வறுமையில் வாழ்ந்தார். வீட்டு வாடகை கொடுக்கவும் பணமில்லை. பின்னாளில்தான் அவருடைய கடன் அடைக்கப்பட்டு, வீடும் வாங்கிக் கொடுக்கப்பட்டது. 1581இல் அந்த அம்மையார் காலமானார்.

ஹுர்ரம் செய்த அறங்களைப் பேசாமல் போவது நியாயமாகாது. இஸ்தான்புல்லில் பெண்கள் சந்தை என்று பெயர் வழங்கிய பகுதியில் அவர் ஒரு பள்ளிவாசல் எழுப்பினார். அதை அமைத்தவர் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் சினான். 1530களின் இறுதியில் தொடங்கிய அந்தப் பணி நிற்கவில்லை. பள்ளிக்கூடம், ஏழைகளுக்கு உணவுச்சாலை, பிறகு 1550ஐ ஒட்டி ஒரு மருத்துவமனை என வளர்ந்தது. அந்தப் பகுதிக்கே ஹசேகி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஜெருசலம் நகரில் 1552இல் அவர் நிறுவிய உணவுச்சாலை இன்னும் பெரியது. வக்பு என்று நம் நாட்டிலும் வழங்கும் அறக்கட்டளை முறையில் அமைந்தது. சாசனத்தைப் படித்தால் ஒரு குடும்பத் தலைவியின் கண் அதில் தெரிகிறது. தினமும் இரண்டு வேளை, ஏழைகள் நானூறு பேருக்கு உணவு. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி, ஆளுக்கு ரொட்டி. வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆட்டிறைச்சிச் சோறும், தேனும் குங்குமப்பூவும் சேர்த்த இனிப்புச் சோறும். சமையற்காரர், ரொட்டி சுடுபவர், களஞ்சியம் காப்பவர், கணக்கெழுதுபவர் என்று ஒவ்வொருவரின் வேலையும் கூலியும் வரையறுக்கப்பட்டிருந்தன. வழிப்போக்கர் தங்க 55 அறைகள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? பாலஸ்தீனத்தின் பல கிராமங்களின் வரியைச் சுல்தான் இதற்கென்று எழுதி வைத்தார். உழவர் விளைவித்த கோதுமையும் எண்ணெயும்தான் அந்தப் பானையில் கொதித்தன. தர்மம் அரசியின் பெயரில், வியர்வை குடியானவனுடையது. வெயிலில் நின்று உழைப்பவர்கள் இதைத் தவறாமல் கவனிப்பார்கள் என்பதால் சொல்லி வைத்தோம். அரசியான பிறகு ஹுர்ரமைச் சுற்றியும் அடிமைப் பெண்கள்தாம் பணி செய்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தாம் வந்த வழியை அவர் அடைக்கவில்லை.

1558ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஹுர்ரம் இறந்தார். சுலைமான் தம் பெயரால் கட்டிய பெரிய பள்ளிவாசலின் வளாகத்தில் அவருக்கென்று தனிக் கல்லறை மண்டபம் எழுந்தது. பிள்ளைகளைக் காக்க அவர் பட்ட பாடு என்னவாயிற்று? கூனல் முதுகுக்காரரான ஜிஹாங்கீர், முஸ்தபா கொல்லப்பட்ட அதே ஆண்டிலேயே இறந்திருந்தார். தாய் கண் மூடிய மறு ஆண்டே சலீமும் பாயசீத்தும் ஒருவரோடு ஒருவர் போரிட்டார்கள். தோற்ற பாயசீத் பாரசீகத்துக்கு ஓடினார். 1561இல் அங்கேயே அவரும் அவருடைய மகன்களும் தந்தையின் விருப்பப்படி கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர் சலீம் ஒருவரே. 1566இல் அரியணை ஏறினார்.

ஜெருசலத்தில் ஹுர்ரம் மூட்டிய அடுப்பு மட்டும், அந்தப் பேரரசே மறைந்த பிறகும், ஏழைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தது.