புகையும் மூச்சும்

திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமப்போருக்கும், அதனையடுத்த கரைகளில் கரைவலை இழுப்போருக்கும் மூச்சே முதல். அம்முதலைப் புகை எவ்வாறு கரைக்கின்றது என்பதனைச் சுண்டெலிகளைக் கொண்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்துள்ளனர்.

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர்களிலே எலாஸ்டின் என்னும் புரத இழைகள், வலையின் நூல்களைப் போலப் பின்னிக் கிடக்கின்றன. மூச்சை உள்ளிழுக்கையில் விரிந்த காற்றறை, வெளிவிடுகையில் மீண்டும் சுருங்குவது இவ்விழைகளாலேயே. இவை அறுபடின் சுவர்கள் சிதைந்து, பல அறைகள் ஒன்றாகிவிடும். உட்சென்ற காற்று எளிதில் வெளியேறாது. எம்பிசீமா எனப்படும் நோய் இதுவே.

இழைகளை அறுப்பது யாது? 1963ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர்களான லோரெல், எரிக்சன் ஆகியோர், இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட காவற்புரதம் குறைந்தோரிடம் இந்நோய் காணப்படுவதை வெளியிட்டனர். புரதங்களை அறுக்கும் நொதியங்களை அடக்கி வைப்பதே அக்காவற்புரதத்தின் பணி. எனவே, நொதியங்களின்மீது ஐயம் எழுந்தது.

புகை உட்புகுந்ததும், அதன் துகள்களை அகற்ற விழுங்கு கலங்கள் நுரையீரலில் திரளுகின்றன. அவை சுரக்கும் நொதியங்களுள் ஒன்று எலாஸ்டினை அறுக்க வல்லது. வீட்டைத் துப்புரவு செய்ய வந்தவரே அதன் தூணை அரிந்துவிடுவதை இது ஒக்கும். 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஷாபிரோ குழுவினர், இந்நொதியம் அறவே இல்லாத சுண்டெலிகளையும் சாதாரணச் சுண்டெலிகளையும் பல மாதங்கள் சிகரெட்டுப் புகைக்கு உள்ளாக்கினர். சாதாரணச் சுண்டெலிகளின் காற்றறைகள் சிதைந்து பெருத்தன. நொதியம் அற்றவையோ அந்நோய்க்கு ஆளாகவில்லை.

எனினும், சுண்டெலிக்குப் பொருந்துவது முழுவதும் மனிதனுக்குப் பொருந்தாது. மனித நுரையீரலில் வேறு நொதியங்களும் இவ்வழிவிற் பங்குகொள்கின்றன. குறித்த நொதியத்தைத் தடுத்து இந்நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

அறுந்த வலையைக் கரையிலிருந்து முடிந்துகொள்ளலாம். சிதைந்த காற்றறையை முன்போல் ஆக்குதல் இயலாது. ஆயினும், புகைத்தலை நிறுத்துவோரின் நுரையீரல் தேயும் வேகம் தணிகின்றது. எஞ்சிய மூச்சைக் காக்க எந்த வயதிலும் வழியுண்டு. சுருட்டோ பீடியோ சிகரெட்டோ, கையிலுள்ளதைக் கீழே போடுவதே அதன் முதற்படி.