பொய்ம்மைக்கும் ஓர் இடமுண்டோ?



நன்மையும் தீமையும் செயலிலேயே உறைகின்றனவா, அன்றி அதன் பயனைக் கொண்டே அறியத்தக்கனவா? இவ்வினாவைப் பொய் என்னும் ஒன்றைக் கொண்டே ஆராய விழைகின்றேன்.

செருமானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் காண்ட் 1797ஆம் ஆண்டு ஒரு சிறு கட்டுரை வரைந்தார். நம் இல்லத்தில் ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிக் கொலைஞன் ஒருவன் வாயிலில் நின்று வினவுகின்றான். அவனிடமும் பொய் கூறலாகாது என்பது காண்டின் முடிபு. நாம் இல்லையென்று பொய்யுரைக்க, நண்பனோ நாமறியாமல் வெளியேறி அக்கொலைஞனிடமே அகப்பட்டால், அதற்கும் நாமே பொறுப்பு என்கின்றார். இதனை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் விளைவு நம் கையில் இல்லை, சொல்தான் நம் கையில் உள்ளது என்னும் அவர் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

வள்ளுவர் வேறு வழியிற் செல்கின்றார். 30ஆம் அதிகாரமாகிய வாய்மையின் முதற்குறள், தீங்கு பயவாத சொல்லையே வாய்மை என வரையறுக்கின்றது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது அடுத்த குறளின் கருத்து. இக்குறளை மேடைதோறும் எடுத்தாள்வோர் பலர், நன்மைக்குத் தரப்பட்ட அந்த அடையை மட்டும் விழுங்கிவிடுகின்றனர்!

வறிய மாணவன் ஒருவனுக்கு ஆசிரியர் உண்மைக்கு மேற்பட்டு நற்சான்று எழுதுகின்றார் எனக் கொள்வோம். உதவித்தொகை கிடைக்கின்றது, குடும்பம் மகிழ்கின்றது. ஆனால் அத்தொகைக்குத் தகுதியுடையவனாய் இருந்தும் அதனை இழந்த இன்னொரு மாணவனின் முகத்தை அவ்வாசிரியர் கண்டதில்லை. அந்நன்மையிற் குற்றம் கலந்துவிட்டது. கொலைஞனிடம் கூறும் பொய்யாலோ எவரும் தமக்குரியதை இழப்பதில்லை.

குற்றம் உண்டா இல்லையா என்று அளப்பவர் யார்? பரிமேலழகர் வைப்புமுறையில், அறிந்தே பொய்த்தவனை அவன் நெஞ்சே சுடும் என்னும் குறள் உடனே தொடர்கின்றது. அதே முறையில் புறங்கூறாமையும் பயனில சொல்லாமையும் இல்லறவியலில் அமைய, வாய்மையோ துறவறவியலில் அமைந்துள்ளது. தன்னலம் களைந்தவனே அவ்வளவைக்குத் தகுதியுடையான் என்பதே இதன் குறிப்பு என்று நான் கருதுகின்றேன். இல்லறத்தார்க்கு அச்சலுகை முற்றிலும் மறுக்கப்பட்டதென்று கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் அந்நற்சான்றை எழுதியவர், மாணவனுக்காக எழுதினாரா, தம் பள்ளியின் பெயருக்காக எழுதினாரா என்பதை அவரன்றி வேறெவரும் அறியார்.

இனி உங்கள் வினாக்களுக்குச் செவிசாய்க்கின்றேன்.