கிரீடமா, தொழிலா?

(மாரியூரில் பெண் கல்வி பற்றி நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் சற்று விநோதமானது. அழகுப் போட்டி மேடையில் ஏறுகின்ற ஒரு பெண், “நான் பேச்சுப் பயிற்சித் தொழிலுக்குப் படிக்கிறேன்” என்று சொல்லுவாளானால், அவளை நாம் எப்படி மதிப்பது என்பதே விஷயம். வைதீகர், “குடும்பப் பெண்ணுக்கு மேடை எதற்கு?” என்பார். நாகரிகக்காரர், “இவ்வளவு அழகுக்குத் தொழில் எதற்கு?” என்பார். ஒருவர் மூடி வைக்கச் சொல்லுகிறார். மற்றவர் காட்டச் சொல்லுகிறார். பெண்ணென்றால் வெறும் உடம்பு என்பதில் இருவருக்கும் அபிப்பிராய பேதமே இல்லை.

இது உங்களூருக்குப் புதிதல்ல. சித்திரைத் திருவிழாவில் வலைவீசும் படலம் நடத்துகிறீர்கள். சிவன் வேதம் சொல்லும்போது பார்வதி கவனித்துக் கேட்கவில்லையாம். அதற்காகச் சாபம் பெற்று மீன்பிடிப்பவர் வீட்டுப் பெண்ணானாளாம். சுறாவைப் பிடித்தவனுக்குத்தான் பெண் என்று தகப்பன் சொல்ல, சிவனே வந்து வலைவீசிப் பிடித்து அவளைக் கட்டிக்கொண்டாராம். சுறாவுக்குப் பெண் பரிசு! அவள் சம்மதத்தைப் பற்றி அந்தத் திருவிழாவில் யாருக்காவது கவலை உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால், மேடை ஏறிய பெண்களிலும் பரிசுப் பொருளாக இருக்க மறுத்தவர்கள் உண்டு. பம்பாயில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த ரீட்டா ஃபாரியா என்னும் பெண் 1966இல் லண்டனில் உலக அழகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசியாவிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. ஓராண்டு முடிந்ததும், சினிமாவும் விளம்பரமும் அழைத்தபோது, அவற்றை ஒதுக்கிவிட்டு வைத்தியப் படிப்பைத் தொடர்ந்து டாக்டரானார். கிரீடத்துக்கு ஆயுள் ஒரு வருஷம். படிப்புக்கு ஆயுள் உள்ளவரை பயன்.

இன்னொருவர் அமெரிக்காவிலுள்ள அலபாமா மாகாணத்தைச் சேர்ந்த ஹெதர் வைட்ஸ்டோன். பதினெட்டு மாதக் குழந்தையாய் இருந்தபோதே நோயினால் செவிப்புலனை இழந்தவர். அவர் 1995ஆம் ஆண்டுக்கான அமெரிக்க அழகியானார். காது கேளாத ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. அவர் பேசியது எந்தச் சாமியின் அருளாலும் அல்ல. தாயாரின் விடாமுயற்சியாலும், பல ஆண்டுப் பேச்சுப் பயிற்சியாலும் பேசினார்.

தோழர்களே! அந்தப் பேச்சுப் பயிற்சிதான், ‘ஸ்பீச் தெரபி’ என்கிறார்களே, அந்தத் தொழில். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது, கேட்கும் ஒலியைப் பிரித்தறியப் பழக்குவது, திக்குவாய்க்காரர் தடையின்றிப் பேச உதவுவது, அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைக்கு அறுவைக்குப்பின் எழுத்தொலிகளைச் சொல்லித்தருவது, பக்கவாதத்தில் பேச்சிழந்த பெரியவருக்கு மீண்டும் சொல்லெடுத்துக் கொடுப்பது ஆகிய இவையெல்லாம் அதில் அடங்கும்.

நம்மவர்கள் செய்வதென்ன? பிள்ளை பேசவில்லையென்றால் நாக்கில் வசம்பைத் தேய்க்கிறார்கள். கோயிலுக்கு மணி கட்டுவதாக வேண்டிக்கொள்கிறார்கள். “அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்” என்று காத்திருக்கிறார்கள். கடைசியில் பூர்வஜன்ம கர்மம் என்று முடித்துவிடுகிறார்கள். காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நாக்கில் ஒரு குறையும் கிடையாது. காதில் விழாத சொல் வாயில் எப்படி வரும்? மணி கட்டினால் அந்த மணியோசைகூட அப்பிள்ளைக்குக் கேட்காதே!

பிறந்த சில நாட்களிலேயே சில நிமிஷச் சோதனையில் காதின் குறையைக் கண்டுபிடிக்கலாம். ஒரு வயதை ஒட்டி ஓரிரு சொல்லும், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் வரவில்லையானால் உடனே காதைச் சோதிக்கவேண்டும். தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, தகுதியுள்ள குடும்பமானால், காதுக்குள் பொருத்தும் கருவிக்கான அறுவையைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள். வேண்டுதலில் போகும் ஒவ்வொரு வருஷமும் அந்த ஆறு வருஷத்தில் கழிகிறது. மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வயதும் அதுவே.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிரசவத்துக்கு முந்திய நோய், கடும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல உண்டு. அவற்றோடு, அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கமும் ஒரு காரணம். இருபக்கத்திலும் மறைந்திருக்கும் ஒரே குறை ஒரு பிள்ளையிடம் வந்து கூடுகிறது. எல்லா வீட்டிலும் அப்படி நேருவதில்லை. நேரும் வாய்ப்பு அதிகமாகிறது. சொத்து வெளியே போகக்கூடாதென்று பெண்ணைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொடுத்துவிட்டு, தெய்வத்தைக் குறை சொல்லுவது எந்த நியாயம்?

கருவி பொருத்தியதும் பிள்ளை பேசிவிடாது. வாரந்தோறும் பயிற்சி வேண்டும். கருவி வெளிநாட்டிலிருந்து வரலாம். ‘அம்மா’, ‘வலை’, ‘உப்பு’, ‘நண்டு’ என்று அப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய் வெளிநாட்டிலிருந்து வருமா? நம் பேச்சு தெரிந்த ஒருவர்தான் சொல்லித்தர முடியும். உப்பளத்துக் கூலியை விட்டுவிட்டு ஒரு தாய் வாரந்தோறும் தூரத்துப் பட்டணத்துக்கு எப்படிப் போவாள்? நாலு வாரம் போவாள், ஐந்தாம் வாரம் நின்றுவிடுவாள். அதோடு பிள்ளையின் பேச்சும் நின்றுவிடும்.

ஆகவே நாம் கேட்பது என்னவென்றால், உங்கள் பெண்களை இப்படிப்புக்கு அனுப்புங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தபின் நான்காண்டுப் பட்டப்படிப்பு. மைசூரில் 1965இல் ஏற்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இதற்கென்றே இருப்பது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் இப்படிப்பு உண்டு. சைகையால் பேசும் சகோதரர்களை இழிவாக நினைக்கவும் வேண்டாம். சைகையும் முழு மொழியே. ‘ஊமை’ என்று கூப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அழகுப் போட்டிக்குப் போகும் பெண் போகட்டும். அது அவள் இஷ்டம். அவள் தலையில் யார் கிரீடம் வைத்தார்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. அவள் படித்த படிப்பால் எத்தனை பிள்ளைகள் வாய் திறந்து பேசின என்றுதான் கேட்போம். பேசாத பிள்ளை உள்ள வீட்டார் இந்த வாரமே இராமநாதபுரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகிறோம்.