இடமும் வலமும் சேராத கட்சி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

அரசியற் கட்சிகளை இடதுசாரி, வலதுசாரி என வகுக்கும் வழக்கம் 1789-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துச் சபையிலே தோன்றியது. அரசனது அதிகாரத்தை ஆதரித்தோர் சபைத்தலைவரின் வலப்பக்கத்தும், அதனைக் குறைக்க விரும்பினோர் இடப்பக்கத்தும் அமர்ந்தனர். இருக்கையின் பெயரே கொள்கையின் பெயராய் நிலைத்துவிட்டது. “இரண்டிலும் சேரோம், ஜனங்களின் பக்கமே எம் பக்கம்” என்று கூறும் கட்சிகள் இக்காலத்திற் பல எழுகின்றன. அவற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே நாம் ஆராயப் புகுந்த விஷயம். இதற்கு இத்தாலி தேசத்து ‘ஐந்து நட்சத்திர இயக்கம்’ தக்க உதாரணமாகும்.

பெப்பே கிரில்லோ என்னும் விகட நடிகரும், கசலெஜ்ஜோ என்னும் இணையத் தொழில் வல்லாரும் 2009-இல் இதனைத் தொடங்கினர். பழைய கட்சிகளின் ஊழலை வெறுத்திருந்த ஜனங்கள் திரண்டு வந்தனர். குடிநீர் பொதுவுடைமையாதல் வேண்டுமென்றது இடதுசாரிகட்கு உவப்பாயிற்று. ஐரோப்பியப் பொது நாணயத்தின்மேல் எழுப்பிய ஐயம் வலதுசாரிகள் சிலர்க்கு உவப்பாயிற்று. 2013-இல் நூற்றுக்கு 25 ஆக இருந்த வாக்கு, 2018-இல் 32-க்கு மேற்பட்டது.

பிறரோடு கூட்டுச் சேரோம் என்றிருந்தோர், 2018-இல் வலதுசாரி லீகா கட்சியோடும், 2019-இல் இடச்சார்புள்ள ஜனநாயகக் கட்சியோடும், 2021-இல் மரியோ திராகியின் தலைமையில் ஏறக்குறைய எல்லாரோடும் கூடி ஆண்டனர். முதலிரு மந்திரிசபைகட்கும் ஜுசெப்பே கோந்தே ஒருவரே பிரதம மந்திரி!

அவர்கள் ஒன்றும் செய்திலர் என்பது நீதியன்று. 2019-இல் வறிய குடும்பங்கட்கு உதவித்தொகை அளித்தனர். பார்லிமெண்டு அங்கத்தினர் தொகையை 945-லிருந்து 600 ஆகக் குறைக்கும் அவர்களது திட்டத்தை 2020-இல் ஜனங்கள் வாக்களித்து ஏற்றனர். ஆனால் 2022-இல் அவர்கள் வாக்கு 15 அளவிற்குச் சுருங்கிற்று; உதவித்தொகையையும் பின்வந்த அரசாங்கம் 2023-இன் முடிவோடு நிறுத்திவிட்டது. அதனை நம்பியிருந்த ஏழையே நட்டமடைந்தான்.

கோபம் பலரை ஒன்று சேர்க்கும். ஆட்சியில் அமர்ந்த பின்னரோ, யாரிடம் வரி வாங்கி யாருக்குக் கொடுப்பது என்ற வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டும். அப்பொழுது ஏதேனும் ஒரு பக்கம் சாயாமல் இருத்தல் இயலாது. ஆயினும் ஒன்றைப் பாராட்டுகிறோம்: 2024-இல் அங்கத்தினர் வாக்களித்து, கிரில்லோ வகித்துவந்த காப்பாளர் பதவியையே ஒழித்தனர். தோற்றுவித்தவரையும் விலக்கவல்ல கட்சி ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிடாது.

அன்பர்களே! எப்பக்கமும் சேராதோம் என்று நம்மிடம் வாக்குக் கேட்போர் வரின், மூன்று வினாக்களைக் கேட்போமாக. செலவுக்குப் பொருள் எங்கிருந்து வரும்? பெரும்பான்மை கிட்டாவிடில் யாரோடு கூடுவீர்? தலைவர் தவறினால் விலக்க வழி உண்டா? சங்கத்தின் பெயரால் எல்லார் வாக்கையும் ஒருவர்க்கு மொத்தமாய் எழுதிக் கொடுப்பதினும், ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே இவ்வினாக்களைக் கேட்டுத் தீர்மானித்தலே நம் சமூகத்திற்குப் பெருமை தருவதாகும்.