கூட்டாஞ்சோறு



'வேலைக்குப் போகப்போற பிள்ளைகளுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க' என்றார் செயலாளர். நான் சறுக்கிய கதையையே சொல்கிறேன்.

2012-ல் எங்கள் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸுக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் முகங்கொடுத்துப் பேச்சே கிடையாது. ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் கடிதம்தான் போகும். 'எல்லாரையும் ஒருநாள் வெளியில கூட்டிட்டுப் போங்க, ஒற்றுமை வரட்டும்' என்று மேலாளர் என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

நான் யாரையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஏலகிரி, கயிறு இழுக்கும் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டேன். 40 பேரில் 23 பேர்தான் வந்தார்கள். பெண்களில் ஒருவர்கூட வரவில்லை. மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேருக்கு வாந்தி. மேலே போனால், கயிற்றின் ஒரு பக்கம் ஸ்டோர்ஸ், மறுபக்கம் உற்பத்தி. இருந்த பகையை நானே இரண்டு அணியாக நிறுத்தி வைத்தேன்! திரும்பும்போது பஸ்ஸில் கைகலப்பு ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் அக்கவுண்ட்ஸ் அம்மா ஒருவர் கேட்டார்: 'சார், துணி துவைக்க, பிள்ளைக்குத் தலைக்கு ஊத்த எனக்கு இருக்கிறதே அந்த ஒரு ஞாயிறுதான். அதையும் கேட்டா எப்படி?' சுருக்கென்றது.

பிற்பாடு ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் 1913-ல் வெளியிட்டது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால், தனியாக இழுப்பதில் பாதியளவுதான் தலைக்குத் தேறுகிறதாம். எல்லோருடைய இழுப்பும் ஒரே நேரத்தில் சேராதது ஒரு காரணம். 'நாம இழுக்காட்டி என்ன, மத்தவன் இழுப்பான்' என்ற நினைப்பு இன்னொன்று. ஆகவே கூட்டம் சேர்ப்பது போதாது. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு வேலை வேண்டும்.

அடுத்த ஆண்டு முதலில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். வேலை நாளில், சம்பளத்தோடு, தொழிற்சாலை வேப்ப மரத்தடியிலேயே கூட்டாஞ்சோறு என்று முடிவாயிற்று. பிரிவு பார்க்காமல் சீட்டுக் குலுக்கி ஐந்தைந்து பேராகப் பிரித்தோம். சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் கல்யாணச் சமையல் தெரிந்தவர் என்பதே அன்றுதான் தெரிந்தது. பொறியாளர்கள் அவரிடம், 'அண்ணே, உப்பு போதுமா?' என்று கேட்டு நின்றார்கள். ஸ்டோர்ஸ்காரர் வெங்காயம் உரிக்க, உற்பத்தி ஃபோர்மேன் நறுக்கினார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயத்தால்தான்!

பகை ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் மறுவாரம் போல்ட் கேட்டுக் கடிதம் வரவில்லை. ஃபோர்மேனே ஸ்டோர்ஸுக்கு நடந்து வந்தார்.

தம்பி தங்கைகளே, நாளை உங்களிடமும் இந்தப் பொறுப்பு வரும். இடத்தைத் தேடுமுன் ஆளைக் கேளுங்கள். அதிலும், யாரால் வர முடியாது என்பதை முதலில் கேளுங்கள்.