இளம் வீரனை விடுவதா, வைப்பதா?

திறமை உண்டு, பலன் காணோம். இத்தகைய இளம் வீரனைக் கூடைப்பந்துக் குழு வைத்துக்கொள்வதா, மாற்றிக்கொள்வதா? அமெரிக்காவின் போர்ட்லண்ட் குழு கண்ட அனுபவத்தை இங்கு நோக்குவோம்.

1996-இல், பள்ளிப் படிப்பு முடிந்தவுடனே, ஜெர்மெய்ன் ஓ'நீல் அக்குழுவில் சேர்ந்தார். நான்கு பருவங்கள் பெரும்பாலும் மாற்று வீரர் இருக்கையிலேயே கழிந்தன. ஆட்டத்துக்குச் சராசரி ஐந்து புள்ளிகூட அவர் எட்டவில்லை. 2000-இல் போர்ட்லண்ட் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸிடம் தோற்றது. பக்குவம் பெற்ற நெடிய வீரரை நாடி, இண்டியானாவின் டேல் டேவிஸுக்கு ஈடாக ஓ'நீலை விட்டுக்கொடுத்தது.

அக்கணக்கைப் பேதைமை என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. டேவிஸ் அவ்வாண்டு நட்சத்திர ஆட்டத்தில் இடம்பெற்றவர். எனினும், 2001-இல் போர்ட்லண்ட் முதற் சுற்றிலேயே அதே லேக்கர்ஸிடம் வீழ்ந்தது. ஓ'நீலோ, இண்டியானாவில் ஆடும் நேரம் கிட்டவே, 2002 முதல் 2007 வரை ஆறு முறை நட்சத்திர ஆட்டத்திற்குத் தேர்வானார். குழுவுக்கு இழப்பானது வீரனுக்கு ஆக்கமாயிற்று.

ஆகவே, விடுமுன் ஒன்றை ஆராய்தல் வேண்டும்: இவன் பின்தங்கியது ஆற்றலின்மையாலா, வாய்ப்பின்மையாலா? களத்தில் இறக்காமலே ஒருவனை அளந்துவிடுதல் நீதியன்று. ஊர் விட்டு வந்து வேரூன்றிய நமக்கு இது எளிதில் விளங்கும். நாற்றங்காலிலேயே நிற்கும் பயிர் கதிர் விடுவதில்லை. பெயர்த்து நட்டால்தான் விளையும்.