பெருங்குடலுக்கு ஒரு பங்கு



தருமபுரியில் குடலைப் பற்றிப் பேச வந்தவன் களியிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் அம்மா இரவு கிண்டும் கேழ்வரகுக் களியில் இரண்டு உருண்டையை எப்போதும் மீதம் வைப்பார். அது சட்டியில் தண்ணீருக்குள் கிடக்கும். விடிந்ததும் உப்புப் போட்டு, மோர் ஊற்றி, கையால் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு கொடுப்பார். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் காலை ஆகாரம். அந்தச் சட்டிக்குள் என்ன நடந்தது என்பது மருத்துவம் படித்து முடித்துப் பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கியது.

நம் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருப்பதாக இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டார்கள். நம் சொந்த செல்கள் 30 லட்சம் கோடி. எல்லா பாக்டீரியாவையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம்தான். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. அவற்றுக்குச் சாப்பாடு நாம்தான் போட வேண்டும்.

தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே சர்க்கரையாகி ரத்தத்தில் கலந்துவிடுகிறது. பெருங்குடலுக்குப் போய்ச் சேருவது கொஞ்சமே. 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் 11 கிராம். தவிர, வெந்து ஆறிய மாவில் ஒரு பகுதி இறுகி, நம் செரிமான நீருக்கு மசியாத வடிவம் எடுக்கிறது. ஊறிய களியின் இந்த மிச்சம் பெருங்குடலின் பங்கு. அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் முதலிய அமிலங்களாக்குகிறது. குடலின் உட்சுவர் செல்களுக்கு அந்த பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். பங்கு வராவிட்டால்? நார்ச்சத்தே இல்லாத தீனி போட்டு வளர்த்த எலிகளில், பசித்த பாக்டீரியா குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கியது. பிறகு நோய்க்கிருமி உள்ளே நுழைவது எளிதாயிற்று.

இந்த அறிவை நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்தவர்கள் நமக்குப் பக்கத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தவர்கள். மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவின் ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. காலரா கண்ட 48 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைசல், ஒரு குழுவுக்கு அதோடு அரிசி மாவு, மூன்றாம் குழுவுக்கு அதே கரைசலோடு லிட்டருக்கு 50 கிராம் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவு. முதல் குழுவில் வயிற்றுப்போக்கு நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. மூன்றாம் குழுவில் 57 மணி நேரம். மருந்தில் மாற்றம் எதுவும் இல்லை. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போட்டார்கள். அது தந்த அமிலங்கள் பெருங்குடலை உப்பை உறிஞ்ச வைத்தன. உப்போடு தண்ணீரும் உடம்புக்குள் திரும்பியது. இதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் சட்டி நினைவுக்கு வந்தது.

‘நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா’ என்று பிரித்துப் பேசுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அதே வேலூரில் மருத்துவர்கள் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் செய்த வேலை அந்தப் பிரிவினையை ஏற்க என்னை விடவில்லை. 1960களில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘ஸ்புரூ’ என்ற நோய் கொள்ளைநோயாகப் பரவியது. ஓயாத வயிற்றுப்போக்கு, இளைப்பு, சோகை. உண்டது உடம்பில் சேராமல் போனது. சிறுகுடலில் பாக்டீரியா மிதமிஞ்சிப் பெருகுவதற்கும் இதில் பங்கு உண்டு என்று கருதப்பட்டது. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் பலரைத் தேற்றின. ஆனால் 1980இல் ஆல்பர்ட், மாதன், பேக்கர் மூவரும் வெளியிட்ட கட்டுரை, நலமாக உள்ள தென்னிந்தியரின் சிறுகுடலில் வாழும் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்றவை பி12 வைட்டமினை உண்டாக்க வல்லவை என்று காட்டியது. கிளெப்சியெல்லா என்றால் மருத்துவமனையில் நாங்கள் அஞ்சும் பெயர். அதே உயிரி அளவோடு இருக்கும்போது உதவுகிறது, மிஞ்சும்போது அழிக்கிறது. இதைத்தான் சமன் குலைவது என்கிறேன்.

அந்தச் சமனை இன்று மிக எளிதாகக் குலைப்பது நம் கைதான். ‘குழந்தைக்கு வயித்தால போகுதுங்க, ஊசி போடுங்க’ என்று கேட்காத தாய் குறைவு. மருந்துக் கடையிலேயே ஆண்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் கோபிக்க எனக்கு மனம் வருவதில்லை; ஒருநாள் கூலி போனால் அடுப்பெரியாத வீடுகள். ஆனால் சிறு குழந்தைகளின் நீர்த்த வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஆண்டிபயாடிக் வைரஸைத் தொடாது. குடலில் குடியிருப்பவற்றைத்தான் கொல்லும். அங்கே தேவை ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை, தாய்ப்பால்.

குடியிருப்பு பெருமளவு அழிந்தால் என்னவாகும் என்பதை நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆண்டிபயாடிக் தின்று தின்று, கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியால் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டவர்கள் அதில் பங்கேற்றார்கள். நலமான ஒருவரின் மலக்கரைசலைக் குடலில் செலுத்தியதும் 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் நால்வர்.

சர்க்கரை நோய், உடல் பருமன், மனச்சோர்வு ஆகியவற்றிலும் குடல் பாக்டீரியாவின் கலவை மாறியிருப்பது காணப்பட்டிருக்கிறது. எது காரணம், எது விளைவு என்று அவற்றில் இன்னும் தெளிவாகப் பிரியவில்லை. அதற்குள் எல்லாவற்றுக்கும் ஒரு மாத்திரைக் குப்பி விற்பனைக்கு வந்துவிட்டது. அதற்குக் காசு செலவிடாதீர்கள் என்று என்னிடம் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

நான் நம்பிக்கையோடு பார்ப்பது டாக்காவை. மிர்பூர் குடிசைப் பகுதியில் எடை குன்றிய குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை மாவுகளோடு வாழைக்காயும் சேர்த்து மூன்று மாதம் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாவை வயதுக்கேற்ப முதிரவைக்கும் என்று தேர்ந்த கலவை அது. 2021இல் முடிவு வந்தது: அதைவிடக் கலோரி மிகுந்த வழக்கமான சத்துணவு பெற்ற குழந்தைகளைக் காட்டிலும் இவர்களின் எடை வேகமாகக் கூடியது. வேர்க்கடலையும் வாழைக்காயும் நம் சந்தையில் கிடைக்காத பொருளா?

2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நம் மாவட்டத்து உழவர்களிடமிருந்தும் அரசு அதைக் கொள்முதல் செய்தது. அது எத்தனை வீட்டில் களியாகிறது, எத்தனை வீட்டில் மாட்டுக்குப் போகிறது? முன்வரிசையில் இருக்கும் நுண்ணுயிரியல் மாணவர்களே, உங்கள் ஊரில் பத்து வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பாட்டி வாரத்தில் எத்தனை வேளை களி தின்றார், பேத்தி எத்தனை வேளை தின்கிறாள், வீட்டில் போன ஆண்டு எத்தனை முறை ஆண்டிபயாடிக் வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டை நானும் உங்களோடு உட்கார்ந்து படிக்கிறேன்.